மருந்துக்கடையில் பெட்ரோல் வாங்கியவள்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் திருவல்லிக்கேணி மக்களுக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரக் கார் வந்த பிறகும் பெட்ரோல் காருக்கு எதிர்காலம் உண்டா, இல்லையா என்பது தலைப்பு. உண்டு என்று சொல்லும் அணியில் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார். "பெட்ரோல் காரையெல்லாம் எழும்பூர் மியூசியத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள், திமிங்கில எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது" என்றார். கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணே, நான் ஒன்று கேட்கிறேன். மியூசியத்துக்கு முதலில் போன கார் எது?

மின்சாரக் கார்!

1899-இல் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியத்துக்காரர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். காரில் அந்த வேகத்தைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். அவர் ஓட்டியது பேட்டரி கார். 1900 வாக்கில் அமெரிக்கத் தெருக்களில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பேட்டரி கார். சத்தம் இல்லை, புகை இல்லை, வாடை இல்லை. இன்றைக்கு அண்ணன் இங்கே சொன்ன அத்தனை பெருமையும் அன்றைக்கே அதற்கு இருந்தது. பெட்ரோல் காருக்கு என்ன இருந்தது? முன்னால் போய் நின்று, கைப்பிடியைச் செருகி, மூச்சுப்பிடித்துச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிடும்.

அப்படியிருந்தும் யார் ஜெயித்தது? 1912-இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கைப்பிடிக்குப் பதிலாக ஒரு சின்ன மின்சார மோட்டார், அதற்கு ஒரு பேட்டரி, அவ்வளவுதான். பெட்ரோல் கார் மின்சாரத்தோடு சண்டை போடவில்லை நடுவர் அவர்களே. வீட்டோடு மாப்பிள்ளையாகக் கூப்பிட்டு பானெட்டுக்குள் உட்கார வைத்துக்கொண்டது! அந்த மாப்பிள்ளையை நம் சென்னைப் பாடியில் இன்றைக்கும் தொழிற்சாலை வைத்துத் தயாரிக்கிறார்கள். அப்புறம் கொஞ்ச வருடங்களில் பேட்டரி கார் தெருவை விட்டே போய்விட்டது. போய் மியூசியத்தில் நின்றது. நூறு வருடம் கழித்து எழுந்து வந்திருக்கிறது. அண்ணே, மியூசியத்துக்குப் போய்த் திரும்பி வந்த காரைத்தான் நீங்கள் இந்த மேடையில் அரை மணி நேரம் புகழ்ந்தீர்கள். மியூசியத்தைக் காட்டி எங்களைப் பயமுறுத்தலாமா?

அந்த மாப்பிள்ளை இப்போது குடும்பச் சுமையிலும் பாதி சுமக்கிறார். 1997-இல் டொயோட்டா பிரியஸ் வந்ததே, ஹைபிரிட், அது என்ன? பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார். இன்றைக்கு நம் ஊர் ஷோரூம்களிலும் ஹைபிரிட் விற்கிறது. பெட்ரோல் காரின் எதிர்காலம் எங்கே என்று தேடினீர்களே, அண்ணா சாலையில் சிக்னலுக்கு நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

நார்வேயைச் சொன்னார்கள். 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார் என்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்டின் மக்கள்தொகை மொத்தமும் நம் சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இன்னொன்று, பெட்ரோல் காரை நிறுத்த எந்த நாடு எந்த வருடத்தைக் குறித்தாலும் அது பெரும்பாலும் புதுக் கார் விற்பனைக்குத்தான். ஓடுகிற காருக்கு இல்லை. இன்றைக்கு ஒருவர் பெட்ரோல் கார் வாங்கிப் பதிவு செய்தால் ஆர்.சி. 15 வருடத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகும் வண்டி நன்றாக இருந்தால் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். கூட்டிப் பாருங்கள். அந்தக் காரின் முதல் முதலாளி டாக்டராக இருப்பார். இரண்டாவது முதலாளி பேங்க் உத்தியோகஸ்தர். மூன்றாவது முதலாளி யார்? மனைவியின் வளையலை அடகு வைத்து, பழைய காரை வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற டிரைவர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று எதிரணி சொன்னது உண்மைதான், அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் கைக்கு எட்டும் விலையில் இன்றைக்கு அந்தக் கார்தான் இருக்கிறது.

சார்ஜ் போட இடம் இல்லை என்று எங்கள் அணியில் ஒருவர் பேசினார். அதை நான் பேசப் போவதில்லை. ஏனென்றால், பெட்ரோல் கார் பிறந்தபோது பெட்ரோல் பங்க் கிடையாது! பெர்த்தா பென்ஸ் கதை தெரியுமா உங்களுக்கு? சொல்லட்டுமா? சரி, சொல்கிறேன்.

ஜெர்மனியில் மன்ஹைம் என்று ஓர் ஊர். 1886-இல் கார்ல் பென்ஸ் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வாங்கி என்ன? நல்ல மூளைக்காரர், ஆனால் விற்கத் தெரியாது. வண்டி பட்டறையிலேயே கிடக்கிறது. அந்தப் பட்டறையில் அவர் மனைவி பெர்த்தாவின் சீதனப் பணமும் கிடக்கிறது. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கேட்கிறதே, உங்களுக்குப் புரிந்துவிட்டது! சீதனத்தைப் போட்டவளுக்குத்தான் தெரியும் அந்தக் கவலை.

1888 ஆகஸ்ட். ஒருநாள் விடியற்காலை. கணவர் தூங்குகிறார். 15 வயதுப் பையன் ஒருவன், 13 வயதுப் பையன் ஒருவன், இரண்டு பேரையும் எழுப்புகிறாள். வண்டியை எடுக்கிறாள். எங்கே போகிறாள்? கேளுங்கள் நடுவர் அவர்களே, கணவரிடம் சொல்லாமல் ஒரு பெண் எங்கே போவாள்? அம்மா வீட்டுக்கு! ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கிறாள் அம்மா. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். உலகத்தில் காரில் போன முதல் நெடும்பயணமே பொண்டாட்டி கோபித்துக்கொள்ளாமல் அம்மா வீட்டுக்குப் போன பயணம்தான்!

வழியில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. பங்க் எங்கே? கிடையாது. வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குள் நுழைகிறாள். துணியில் கறை எடுக்க லிக்ராயின் என்று ஒரு திரவம் விற்பார்கள். அதை வாங்கி ஊற்றுகிறாள். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக்கடை! கடைக்காரரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு அப்படி எத்தனை புடவையில் கறை என்று யோசித்திருப்பார்!

கொஞ்ச தூரம் போனதும் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவி, அடைப்பைக் குத்தி எடுத்தாள். நம் வீட்டுப் பெண்கள் ஊக்கு வைத்துச் செய்யாத ரிப்பேரா? ஒரு மின்கம்பி உராய்ந்து பழுதானது. காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றினாள். மேட்டில் வண்டி ஏறவில்லை; பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். சங்கிலிக்குக் கொல்லர். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோலை வைத்து ஆணி அடித்து வாங்கினாள். சாயங்காலம் அம்மா வீட்டு வாசலில் இறங்கிவிட்டுத்தான் கணவருக்குத் தந்தி! திரும்பி வந்து, மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். அவரும் வைத்தார்.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? மறுபடி எண்ணிப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர். பெட்ரோல் காரை முதல் நாளிலேயே காப்பாற்றியது கம்பெனி இல்லை, தெருவோரத்து மனிதர்கள். 130 வருடம் தாண்டியும் அது மாறவில்லை. ஜி.பி. ரோட்டில் கேட்காத ஸ்பேர் உண்டா? புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய பாகம் உண்டா? செம்பியத்தில் பிஸ்டன் செய்கிறார்கள். மின்சாரக் காருக்கு அந்த பிஸ்டன் எதற்கு? நல்ல வண்டிதான், நான் பழிக்கவில்லை. பாகம் குறைவு, பராமரிப்புக் குறைவு. ஆனால் பேட்டரியில் கோளாறு என்றால் தெருமுனை மெக்கானிக் கை வைக்க முடியாது. நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம், உயிர் போய்விடும். லேப்டாப்பைச் செருகினால்தான் என்ன கோளாறு என்றே தெரியும். அந்த மென்பொருள் அவருக்குக் கிடைக்காது.

புகையைப் பற்றி ஒரே வார்த்தை. தமிழ்நாட்டில் காற்றாலை உண்டு, சூரிய மின்சாரம் உண்டு. ஆனால் ராத்திரி நீங்கள் சார்ஜ் போடும்போது அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. மேலே போகிறேன், நேரம் ஆகிறது. மணி அடிக்கிறார்கள், ஒரு நிமிடம் கொடுங்கள் நடுவர் அவர்களே.

எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக் இருந்தார். பாய் என்றுதான் தெருவே கூப்பிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைப்பார். பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். "வால்வு சத்தம்மா, இப்போதைக்குப் பயமில்லை" என்பார். பள்ளிக்கூடம் முடித்ததில்லை அவர்.

ஒருநாள் நடு ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சுவலி. எங்களுடையது பழைய மாருதி 800. சாவியைத் திருப்புகிறேன், இழுக்கிறது, பிடிக்கவில்லை. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. தம்பி ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். பாய் லுங்கியோடு வந்தார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பிளக்கைக் கழற்றினார். நுனி கரி பிடித்துக் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார், வாயால் ஊதினார், மாட்டினார். மூன்று பிளக்குக்கும் அதே. "இப்ப அடிம்மா" என்றார். வண்டி பிடித்துக்கொண்டது. பணத்தை நீட்டினேன். "முதல்ல அம்மாவைப் பாரு" என்று கையைத் தள்ளிவிட்டுப் பின் கதவை அவரே சாத்தினார். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா பிழைத்தாள். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தக் கைகள் இன்னும் புதுப்பேட்டையில், வியாசர்பாடியில், பல்லாவரத்தில் இருக்கின்றன. மின்சாரக் காரைத் திறந்து பழுது பார்க்கும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுங்கள். பாகத்தையும் மென்பொருளையும் தெருக்கடைக்கும் விற்கச் சொல்லிச் சட்டம் போடுங்கள். போட்டுவிட்டு அடுத்த வருடம் இதே மேடைக்குக் கூப்பிடுங்கள், எதிரணியில் வந்து உட்காருகிறேன். அதுவரைக்கும் அந்த டிரைவருக்கும் அந்த மெக்கானிக்குக்கும் சோறு போடுகிற பெட்ரோல் காருக்கு எதிர்காலம் உண்டு என்று தீர்ப்பு சொல்லுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.