முடிச்சு இருக்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணெய், எரிவாயு கட்டமைப்புக்கு ஆபத்து என்றதும் பலருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் குழாய்தான் நினைவுக்கு வரும். யார் வேண்டுமானாலும் எங்கேயாவது வெட்டிவிடலாமே என்ற பயம். ஆனால் நிலத்தில் போகும் குழாயில் ஓட்டை விழுந்தால், கெட்ட துண்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைத்துவிடலாம். பெரும்பாலும் சில நாள் வேலை. எனக்குக் கவலை தருபவை குழாய்கள் வந்து கூடும் முடிச்சுகள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாங்ஃபோர்டு என்று ஓர் ஊர். கடலடியிலிருந்து வரும் எரிவாயுவைச் சுத்தம் செய்யும் மூன்று ஆலைகள் அங்கே அடுத்தடுத்து நின்றன. 1998 செப்டம்பர் 25 காலை, முதல் ஆலையில் சூடான எண்ணெயைச் சுற்றிவிடும் பம்புகள் நின்றுபோயின. எப்போதும் கொதிசூட்டில் இருக்கும் வெப்பப் பரிமாற்றி ஒன்று, அதாவது ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் எஃகுக் கலம், குளிர்ந்துகொண்டே போய் மைனஸ் 48 டிகிரியைத் தொட்டது. வெளிப்புறத்தில் வெண்பனி படர்ந்தது. அந்தக் குளிரில் அப்படிப்பட்ட எஃகுக்கு வளையும் குணம் போய்விடும். கண்ணாடி மாதிரி உடையும். பக்கத்தில் நின்றவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. எண்ணெய் மறுபடி ஓடத் தொடங்கியதும், அந்தச் சூட்டில் கலம் பிளந்தது. வெளியே வந்த வாயு தீப்பற்றியது. இரண்டு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள்.

சரி, போனது ஓர் ஆலைதானே? மீதி இரண்டு இருந்தனவே? அங்கேதான் முடிச்சு. மூன்று ஆலைகளும் குழாய்களால் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எரிகிற ஆலையை மட்டும் சட்டென்று தனியே பிரித்துவிட முடியவில்லை. மூன்றும் நின்றன. மாநிலத்தின் எரிவாயு ஏறத்தாழ முழுவதும் அந்த ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. சுமார் 14 லட்சம் வீடுகளில் இரண்டு வாரத்துக்கு மேல் எரிவாயு இல்லை.

நிறுவனம் முதலில் ஒரு தொழிலாளியைக் கைகாட்டியது. 1999-இல் அறிக்கை தந்த விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. பயிற்சி தராத நிறுவனமே பொறுப்பு என்றது. ஆலையிலேயே இருந்த பொறியாளர்களை 1992-இல் மெல்பர்ன் அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றாதிருந்தால், அன்று காலை பனி படர்ந்த அந்தக் கலத்தைப் பார்த்து, "பொறுங்கள், கை வைக்காதீர்கள்" என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருக்கலாம். அந்த அறிக்கையைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

முடிச்சு இரும்பில்தான் இருக்கும் என்றில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் குழாய்த்தடம் சில நாள் நின்றுபோனது. கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைச் சுமக்கும் தடம் அது. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய கணக்கு ஒன்றின் கடவுச்சொல் திருடர்கள் கையில் கிடைத்திருந்தது. அதை வைத்து அலுவலகக் கணினிகளை முடக்கினார்கள். அந்த முடக்கம் குழாயை இயக்கும் கணினிகளுக்கும் பரவிவிடுமோ என்ற பயத்தில் நிறுவனமே குழாயை நிறுத்தியது.

அதற்கு மூன்று மாதம் முன்னால் டெக்சாசில் நடந்தது இதைவிடக் கொடுமை. பிப்ரவரிக் குளிரில் எரிவாயுக் கிணறுகளும் கருவிகளும் உறைந்தன. எரிவாயு குறைந்ததால் மின்நிலையங்கள் தடுமாறின. அப்புறம் மின்தொகுப்பைக் காப்பாற்றப் பல பகுதிகளுக்கு மின்சாரத்தை வெட்டினார்கள். வெட்டுப்பட்டவற்றில் எரிவாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர்களும் இருந்தன! எரிவாயு இல்லாமல் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாமல் எரிவாயு இல்லை. அந்த இடங்களில் பல, "எங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்" என்று முன்கூட்டியே பதிவு செய்திருக்கவில்லை. அதற்கு ஒரு படிவம் நிரப்பியிருந்தால் போதும். அந்தக் குளிரில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

என்னைக் கேட்டால், இன்னொரு குழாய் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ஓர் ஆலை எரிந்தால் பக்கத்து ஆலையைப் பிரிக்க வால்வு எங்கே இருக்கிறது? அதை யார் மூடுவார்? அவர் கடைசியாக எப்போது மூடிப் பார்த்தார்? இந்தக் கம்ப்ரஸருக்கு மின்சாரம் எந்தக் கம்பியில் வருகிறது? அந்தக் கம்பியை வெட்டப் போகிறவருக்கு அது தெரியுமா?

கடைசிக் கேள்விக்கு டெக்சாஸ் 2021-இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த எரிவாயு நிலையம் எந்த மின்நிலையத்துக்கு ஊட்டுகிறது என்று வரைபடம் போடச் சொன்னது. அந்தக் குளிர்காலத்தில் அப்படி ஒரு வரைபடம் அவர்கள் மேசையில் இல்லை.

நன்றி, வணக்கம்.