அம்புக்கு முன்னால் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். கத்தோலிக்கர் வணங்கும் புனிதர் செபஸ்தியார் என்றதும் மரத்தில் கட்டுண்ட இளைஞனும் உடலெங்கும் தைத்த அம்புகளும்தான் கண்முன் வரும். ஜனவரி 20 திருவிழாத் தேரிலும் அந்தச் சுரூபம்தான். அம்புகளைச் சற்று நேரம் பிடுங்கி வைத்துவிட்டு, அவரைப் பற்றிய பழைய ஏடுகளைக் காலவரிசைப்படி பார்ப்போம்.

முதல் சான்று ஒரே ஒரு வரி. ரோமாபுரியில் 354-ஆம் ஆண்டு தொகுத்த ஒரு நாட்காட்டி. மூல ஏடு அழிந்துவிட்டது, பிற்காலப் பிரதிகள் இருக்கின்றன. அதில் மறைசாட்சிகளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களை, அடக்கம் செய்த நாள்களுக்கு ஒரு பட்டியல். 'பிப்ரவரி கலெண்டேக்கு 13-ஆம் நாள், ஃபபியான் கலிஸ்துவில், செபஸ்தியான் காத்தகும்பாஸில்.' அவ்வளவுதான். ஃபபியான் ஒரு பாப்பரசர், மறைசாட்சி; கலிஸ்து என்பது ரோமில் ஒரு கல்லறையின் பெயர்.

கலெண்டே என்றால் மாதத்தின் முதல் தேதி. பிப்ரவரி 1-இலிருந்து 13 கழித்தால் ஜனவரி 19 வரும். பலர் தவறுவது இங்கேதான். ரோமர்கள் தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். வெள்ளிக்கிழமை இறந்த இயேசு ஞாயிறு உயிர்த்ததை நாமும் 'மூன்றாம் நாள்' என்றுதானே சொல்கிறோம்? அதே கணக்கு. பிப்ரவரி 1 ஒன்று, ஜனவரி 31 இரண்டு என்று பின்னோக்கி விரல் மடக்குங்கள், பதின்மூன்றாவது விரல் ஜனவரி 20-இல் நிற்கும். அன்று ஃபபியானுக்கும் திருநாள் என்பது பங்கு நாட்காட்டியைப் புரட்டினால் தெரியும். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஜோடி பிரியவில்லை!

இடத்தையும் கவனியுங்கள். காத்தகும்பாஸ் என்பது ரோமின் ஆப்பியன் சாலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயர். சுரங்கக் கல்லறைகளை எல்லாம் இன்று 'கேட்டகோம்ப்' என்கிறோமே, அந்தச் சொல் கிளம்பியதே அங்கிருந்துதான். ஒரு மறைசாட்சி உண்மையில் இருந்தாரா என்று பார்க்க, நான் முதலில் தேடுவது பெயர், நாள், கல்லறை இந்த மூன்றையும்தான். செபஸ்தியாருக்கு மூன்றும் உண்டு. அம்பு மட்டும் இல்லை.

இரண்டாவது சான்று மிலான் ஆயர் அம்புரோஸ். நான்காம் நூற்றாண்டின் கடைசியில், 118-ஆம் திருப்பாடலுக்கு எழுதிய விளக்கத்தில் செபஸ்தியாரைக் குறிப்பிடுகிறார். (இன்றைய விவிலியத்தில் அது 119, எண் மாறியது தெரியாமல் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.) செபஸ்தியார் மிலான் ஊர்க்காரர், துன்புறுத்தல் கடுமையாக இருந்த ரோமுக்குப் போய் அங்கே உயிர்விட்டார் என்கிறார். இங்கும் அம்பு இல்லை.

அம்பு வருவது ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய 'பாடுகளின் வரலாறு' என்ற நீண்ட கதையில். உடம்பு முள்ளம்பன்றிபோல் ஆனது என்கிறது. அந்தக் கதையைப் பின்னால் அம்புரோஸ் பெயரில் சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் 'அம்புரோஸே அம்பைப் பற்றி எழுதியிருக்கிறார்' என்ற பிழை இன்றும் புழங்குகிறது. அது அவர் எழுதியது இல்லை. இன்னொன்று, அந்தக் கதையிலேயே செபஸ்தியார் அம்பால் சாகவில்லை. இரேனே என்ற கைம்பெண் காயத்துக்கு மருந்திட்டுப் பிழைக்க வைக்கிறார். குணமானவர் பேரரசர் தியோக்ளேசியன் முன்னால் போய் நின்று கண்டிக்கிறார், தடியால் அடித்துக் கொல்கிறார்கள். உடலைச் சாக்கடையில் வீசுகிறார்கள், லூசினா என்ற பெண் எடுத்து அடக்கம் செய்கிறார். எங்கே? காத்தகும்பாஸில். 354-ஆம் ஆண்டு வரி சொன்ன அதே இடம். கதை எழுதியவர் எதைக் கூட்டினாலும் கல்லறையை நகர்த்தவில்லை, ஜனங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தார்களே!

செபஸ்தியார் கொள்ளைநோய்க் காவலர் ஆன விதத்தை விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. 680-ஆம் ஆண்டு இத்தாலியின் பவியா நகரில் கொள்ளைநோய் பரவியபோது அவருக்குப் பீடம் எழுப்பினார்கள் என்று எட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பவுல் தியாக்கோனுஸ் எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் ரோமில், சங்கிலி ராயப்பர் (பேதுரு) கோயிலில் பதித்த கல்லோவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் செபஸ்தியாருக்கு முழு உடை, நல்ல தாடி, வயது முதிர்ந்த முகம். அம்பு ஒன்றுகூட இல்லை. வணக்கம்.