உப்புவெளியில் ஒரு பழைய கணினியும் 41 ஃபிரேம்களும்

வணக்கம். இந்தக் காணொளியைத் திருகோணமலை உப்புவெளியிலுள்ள என் வீட்டு மாடி அறையில் இருந்து பதிவு செய்கிறேன். வெளியே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசுகிறது. அதன் இரைச்சல் ஒலிவாங்கியில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சாத்தினால் இந்த வெக்கையில் நானும் இருக்க முடியாது, மேசையில் இருக்கிற கணினியும் இருக்க முடியாது. இன்றைய பேச்சே அந்தக் கணினியைப் பற்றியதுதான்.

இது என் பெறாமகனுடையது. இன்டெல் ஐ5 3470 ப்ராசஸர், ஒரே துண்டாக 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்ட். ப்ராசஸர் 2012-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கார்ட் 2014-இல் வெளிவந்தது. அவன் விளையாடுவது ஜிடிஏ 5. "சித்தப்பா, கேம் இழுபடுது, புதுக் கார்ட் வாங்கினால்தான் சரி" என்று சொல்லித் தகப்பனிடம் காசு கேட்டிருக்கிறான். ஒரு வாரம் பொறு, நான் பார்க்கிறேன் என்று சொல்லிக் கணினியை இங்கே தூக்கிக்கொண்டு வந்தேன்.

புதுக் கார்ட் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதற்கு முன், தாமதம் எந்த இடத்தில் உண்டாகிறது என்பதை அறிய வேண்டும். திருகோணமலையையும் கிண்ணியாவையும் இணைக்கும் கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கப்படுவதற்கு முன் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நகரத்திலிருந்து எவ்வளவு வேகமாக மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனாலும் துறையடியில் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்காக, காத்து நிற்கத்தான் வேண்டும்; அங்கே நிற்பவனுக்கு வண்டியின் எஞ்சினை மாற்றிக் கொடுத்தால் அவன் முன்னதாகக் கரை சேரப் போவதில்லை. கணினியிலும் ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்தையும், முதலில் ப்ராசஸர் தயார் செய்து கொடுக்கிறது, பிறகு கிராஃபிக்ஸ் கார்ட் அதை வரைகிறது. இரண்டில் எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் உங்கள் ஃபிரேம் ரேட், அதாவது செக்கனுக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு.

திரையின் மூலையில் சில எண்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்கிறீர்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளும் அதனோடு சேர்ந்து வருகிற ரிவாட்யூனரும் இவற்றைக் காட்டுகின்றன. ஃபிரேம் ரேட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஃபிரேம் டைம், கார்டின் பயன்பாட்டு வீதம், ப்ராசஸரின் வேகம், ப்ராசஸரின் வெப்பம் ஆகிய நான்கையும் இயக்கி வையுங்கள். ஃபிரேம் டைம் என்பது ஒரு படம் உருவாக எடுக்கும் நேரம். செக்கனுக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லி செக்கன்தான் கிடைக்கும். 30 ஃபிரேமுக்கு 33.3. சராசரி 50 என்று காட்டும்போதும் கேம் தட்டித் தட்டிப் போவதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. இடையில் ஒரே ஒரு ஃபிரேம் 90 மில்லி செக்கன் எடுத்தால் சராசரி அதை மறைத்துவிடும், கண் மறைக்காது.

ஜிடிஏ 5-இன் உள்ளேயே பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டும் வசதி இருக்கிறது. அதை ஒரு முறை 1920க்கு 1080 என்ற அளவில் ஓட்டினேன். சராசரி 41 வந்தது. பிறகு அளவை 1280க்கு 720 என்று குறைத்து மறுபடி ஓட்டினேன். முதலாவதில் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். இரண்டாவதில் 9,21,600 மட்டுமே. கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்தது, ஆனால் சராசரி 43-ஐத் தாண்டவில்லை. கார்டின் பயன்பாடோ 60 வீதத்தைச் சுற்றியே நின்றது. கார்ட் வேலையில்லாமல் காத்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அவன் தகப்பனின் காசு அந்த நிமிடமே தப்பிவிட்டது.

ஆனால் நான்காவது எண்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. ப்ராசஸரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி நின்றது. வேகம் 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு அருகில் தடுமாறிக்கொண்டிருந்தது. இந்த ப்ராசஸரின் அடிப்படை வேகமே 3.2 ஜிகாஹெர்ட்ஸ். தாங்க முடியாத சூட்டை அடைந்ததும் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதை விண்டோஸ் எச்சரிக்கையாக அறிவிப்பதில்லை. கேம் இழுபடுவது மட்டுமே நமக்குத் தெரியும்.

இனிப் பெட்டியைத் திறந்தபோது எடுத்த காட்சியைக் காட்டுகிறேன். மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்த பின்னரே திறந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் இருப்பதைப் பாருங்கள். சாதாரணத் தூசி என்றால் ஊதினால் பறந்துவிடும். இது கடற்கரைத் தூசி. உப்பும் ஈரமும் சேர்ந்து கம்பளித் துணி போலப் படிந்து தகடுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கும்போது கணினிக்குள் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? கூலரைக் கழற்றி, மின்விசிறியைத் தனியாகப் பிரித்து, ஐசோபிரோபைல் அல்ககோலில் தோய்த்த பழைய பல் தூரிகையால் தகடு தகடாகத் தேய்த்தேன். முக்கால் மணித்தியாலம் ஆனது.

உண்மையான குற்றவாளி அந்தத் தூசியும் அல்ல. இன்டெல் பெட்டியோடு வரும் இந்த வட்டக் கூலரை மதர்போர்டில் பிடித்து வைப்பவை நான்கு மூலைகளில் உள்ள பிளாஸ்டிக் முளைகள். காட்சியை நிறுத்திக் கிட்டப் பாருங்கள். மூன்று முளைகள் துளைக்குள் சரியாக இறங்கியிருக்கின்றன. நான்காவதின் வெள்ளைக் கால் ஒன்று மடங்கி, துளைக்கு வெளியே சப்பையாகக் கிடக்கிறது. அந்த மூலை மயிரிழை அளவு தூக்கி நின்றதால், ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் ஒரு பக்கத்தில் நசுங்கவே இல்லை. தடவிய கோடு தடவியபடி காய்ந்து கிடந்தது. போன வருடம் ஒரு கடையில் காசு கொடுத்து சர்வீஸ் செய்வித்தார்களாம். கூலரை மாட்டியவர் மதர்போர்டின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: வெள்ளைக் கால்கள் இரண்டும் விரிந்து, நடுவே கறுப்பு முனை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். மடங்கிய காலைச் சிறிய குறட்டால் நிமிர்த்தி, பழைய பேஸ்டைத் துடைத்து, நடுவில் ஒரு பயறு அளவு புதிய பேஸ்டை வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். நான்கு முறையும் "டக்" என்ற சத்தம் கேட்டது.

அதே பெஞ்ச்மார்க், அதே 1080 அளவு, அதே கச்சான் வெக்கை. வெப்பம் 74 டிகிரி. வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸில் அசையாமல் நின்றது. சராசரி 54. கேமில் ஒரு அமைப்பையும் இன்னும் நான் தொடவில்லை.

அடுத்தது ரேம். ஒரே துண்டாக இருக்கும்போது ப்ராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையில் ஒரு வழிதான் திறந்திருக்கும். டிடிஆர்3 1600-க்கு அது செக்கனுக்கு 12.8 ஜிபி. இரண்டு துண்டுகளைச் சரியான இடங்களில் போட்டால் 25.6. பாவித்த 8 ஜிபி துண்டொன்றை வாங்கினேன். இங்கே என் மடத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும்: முதலில் அதைப் பக்கத்து இடத்திலேயே செருகிவிட்டு ஒரு மாற்றமும் இல்லையே என்று அரை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த மதர்போர்டில் ஒரே நிறமுள்ள இரண்டு இடங்களில் போட்டால்தான் இரண்டு வழிகளும் திறக்கும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் "டூயல்" என்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய துண்டின் பொன்னிற முனைகள் கறுத்திருந்தன; மென்மையான வெள்ளை அழிறப்பரால் இலேசாகத் தேய்த்துத் துடைத்தேன். சராசரி இரண்டு ஃபிரேம் மட்டுமே கூடியது, ஆனால் நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போது வந்த அந்தத் தட்டல் பெரும்பாலும் போய்விட்டது. தனியாகக் கார்ட் இல்லாத கணினிகளுக்கு இந்த மாற்றம் இதைவிடப் பல மடங்கு உதவும், ஏனெனில் அவற்றில் படம் வரைவதற்கும் இதே ரேம்தான்.

இப்போது கார்டின் பயன்பாடு 98 வீதம். அதாவது காத்து நிற்க வைக்கும் துறையடி இப்போது கார்டின் பக்கம் மாறிவிட்டது. இனித்தான் கேமின் அமைப்புகளில் கை வைப்பதற்குப் பொருள் உண்டு. முதலில், உருவங்களின் பல் பல்லான ஓரங்களை மழுப்பும் எம்எஸ்ஏஏ-வை முற்றாக அணைத்தேன். புல்லின் தரத்தைக் கீழ்மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மலைப்பக்கம் போனதும் ஃபிரேம் சரிந்ததற்கு அந்தப் புல்தான் காரணம். நிழலை ஒரு படி இறக்கினேன். பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படங்களான டெக்ஸ்சரை மட்டும் தொடவில்லை. கார்டின் நினைவகம் கொள்ளும் அளவுக்குள் இருக்கும் வரை டெக்ஸ்சரைக் குறைப்பதால் வேகம் ஏறக்குறைய ஒன்றும் கூடாது, படம் மட்டும் மங்கிப்போகும். அந்த அளவை அமைப்புப் பக்கத்தின் மேலே உள்ள பட்டையே காட்டுகிறது. தெருவில் நடமாடும் கூட்டத்தின் அளவைக் குறைப்பது கார்டுக்கு அல்ல, ப்ராசஸருக்கு ஓய்வு தருவது, அதையும் பாதியாக்கினேன். சராசரி 67.

அப்படியே விட்டுவிடாமல் ரிவாட்யூனரில் 50 என்று வரம்பு போட்டேன். எதற்காகக் கிடைத்த ஃபிரேமை வெட்டுகிறீர்கள் என்று கேட்பீர்கள். 45-க்கும் 80-க்கும் இடையில் ஏறி இறங்குவதைவிட பெரும்பாலும் 50-இலேயே நிற்பது கண்ணுக்கு இதமானது, சூடும் குறைவு. படங்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போக வைக்கும் விசிங்க்கைப் போடவில்லை, அது போட்டிருக்கும்போது 60-ஐச் சற்றுத் தவறினாலும் சில கேம்களில் ஒரேயடியாக 30-க்கு விழுந்துவிடும். இடைக்கிடை படம் குறுக்கே கிழிவது தெரிகிறது. அது எனக்குப் பரவாயில்லை, உங்களுக்குப் பிடிக்காமலும் இருக்கலாம்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை சிறியவை. பின்னணியில் கேமைப் பதிவு செய்யும் வசதியை அணையுங்கள், கணினி திறக்கும்போதே தொடங்கும் மென்பொருள்களைக் குறையுங்கள், பவர் அமைப்பை உயர் செயல்திறனுக்கு மாற்றுங்கள். ஒரே சொடுக்கில் ஃபிரேமை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் "பூஸ்டர்" மென்பொருள்களை நிறுவாதீர்கள். மடங்கிய முளையை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால் கேம் விரைவாகத் திறக்கும், சராசரி ஃபிரேம் கூடுமென்று எதிர்பார்க்க வேண்டாம். உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டில் நல்ல கார்ட் இருந்தும் 12 ஃபிரேம்தான் வந்தது. திரையின் கம்பியை அவர் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தார். சிரிக்காதீர்கள், போய் உங்கள் கணினியின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

பெட்டியின் பக்கத் தகட்டின் உட்புறத்தில் இன்றைய திகதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். வாடைக்காற்று முடிந்து தை மாதம் மறுபடி திறக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கணினியைப் பற்றிக் கேட்டு எழுதுபவர்கள் ப்ராசஸர், கார்ட் ஆகியவற்றின் பெயர்களோடு, 1080-இலும் 720-இலும் வந்த சராசரி, அப்போது கார்டின் பயன்பாடு, ப்ராசஸரின் வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். "கேம் இழுபடுது" என்று மட்டும் எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது.