அதே பொருள், கொஞ்சம் முறுக்கினால்?

[திரையில்: மேசை மேல் ஒரு பிடி பஞ்சு. இரண்டு கைகள் மட்டும்.]

இந்தப் பஞ்சிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு திரியை உருவி எடுக்கிறேன். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் சத்தமே இல்லாமல் பிரிந்து வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் இழை எதுவும் அறுந்துபோகவில்லை. ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நழுவிவிட்டன, அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு திரி. இழுப்பதற்கு முன்னால் இதை நன்றாக முறுக்கிவிடுகிறேன். இழுக்கிறேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுக்கிறேன். இப்போது ‘டப்’பென்று அறுந்தது. பசை தடவவில்லை, எதையும் சேர்க்கவில்லை. அதே பஞ்சுதான்.

பஞ்சு இழை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அதை வைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நூல் நூற்கிறோம். 1638இல் வெளியான தன் நூலில் கலிலியோ இந்தச் சந்தேகத்தைத்தான் எழுப்பினார்: இரண்டு மூன்று முழ நார்கள் சேர்ந்து நூறு முழக் கயிறாக எப்படித் தாங்குகின்றன?

[அனிமேஷன்: ஒரு நார், மற்ற நார்களைச் சுற்றிச் சாய்வாகப் போகிறது. இரு முனையிலும் இழுப்பு அம்புகள்.]

முறுக்கிய கயிற்றில் ஒவ்வொரு நாரும் சாய்வாகச் சுற்றிக்கொண்டு போகிறது. கயிற்றை இழுத்தால் நார் நிமிரப் பார்க்கும். ஆனால் நிமிர வேண்டுமானால் உள்ளே இருக்கும் நார்களை நசுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆக, நீளவாக்கில் கொடுத்த இழுப்பு உள்நோக்கிய அழுத்தமாக மாறுகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் நழுவல் நிற்கும். பலமாக இழுக்க இழுக்கப் பிடியும் இறுகும். பிரிக்க வந்த விசையே கட்டிப்போடும் விசையாகிவிடுகிறது.

முறுக்கின் முதல் வேலை இதுதான் என்பது என் கட்சி: ஒரு திசையில் வருவதை இன்னொரு திசைக்குத் திருப்பிவிடுவது. இனி பார்க்கப்போகிற பலவற்றிலும் இந்தக் குணத்தைத் தேடிப் பாருங்கள்.

அதற்காக முறுக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. சாய்வு அதிகமானால் நாரின் பலத்தில் ஒரு பங்குதான் கயிற்றின் திசையில் வேலை செய்யும். நழுவாத அளவுக்கு முறுக்க வேண்டும், பலம் குறையாத அளவோடு நிறுத்த வேண்டும். நூற்பாலையில் இந்த அளவைப் பிடிப்பதே ஒரு தனி வித்தை.

இன்னொரு தொல்லையும் உண்டு. முறுக்கியதை விட்டால் அவிழ்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும்.

[திரையில்: ஒரு மீட்டர் நூல். ஒரு முனை கொக்கியில். மறு முனை விரல்களுக்கிடையில் சுழல்கிறது.]

ஒரு நூலை எடுத்து இப்படி முறுக்கிக்கொண்டே இருங்கள். விறைப்பாகப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தளர்த்துங்கள். பாருங்கள், நடுவில் ஒரு சின்ன வளையம் துள்ளி எழுகிறது. இன்னும் தளர்த்தினால் அந்த வளையம் தன்மேல் தானே சுற்றிக்கொள்ளும். நூலுக்கு, இவ்வளவு முறுக்கைச் சுமப்பதைவிட வளைந்து சுருள்வதே குறைந்த செலவு. முறுக்கு காணாமல் போகவில்லை, சுருளாக வேடம் மாறியிருக்கிறது.

கயிறு திரிப்பவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மூன்று புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். ஒவ்வொரு புரியும் அவிழப் பார்க்கும். அது அவிழ முயலும் திசையிலேயே மொத்தக் கயிறும் இறுகும். வலது இடதைப் பிடிக்கிறது, இடது வலதைப் பிடிக்கிறது, கயிறு கைவிட்ட பிறகும் அப்படியே நிற்கிறது.

சரி, இப்போது செடிப் பக்கம் போவோம். கொக்கியோ, முறுக்கிவிடும் கையோ இல்லாத இடம்.

[திரையில்: வெள்ளரிக் கொடி. நேரான பற்றுக்கம்பி மெல்லச் சுழன்று ஒரு குச்சியைத் தொடுகிறது. வேகப்படுத்திய காட்சி.]

வெள்ளரியின் பற்றுக்கம்பி முதலில் நேராகத்தான் நீளும். நுனி காற்றில் வட்டம் போட்டுத் துழாவும். குச்சி ஒன்று கிடைத்ததும் பற்றிக்கொள்ளும். அப்புறம்தான் சுருள ஆரம்பிக்கும், கொடியையும் குச்சிப் பக்கமாக இழுக்கும்.

இங்கே ஒரு சிக்கல். ஒரு முனை கொடியில், மறு முனை குச்சியில். இரண்டும் திரும்ப முடியாது. திரும்ப முடியாத ஒன்றை ஒரே பக்கமாகச் சுருட்டினால், போடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு முறுக்கு ஏறிக்கொண்டே போகும். செடி என்ன செய்கிறது? பாதியை வலப்பக்கமாகவும் பாதியை இடப்பக்கமாகவும் சுருட்டுகிறது. நடுவில், சுருள் திசை மாறும் இடத்தில், சுற்று இல்லாத ஒரு சின்னத் துண்டு இருக்கும். கொடியில் ஒரு பழைய பற்றுக்கம்பியைத் தேடிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கச் சுற்றுகளையும் எண்ணினால் கிட்டத்தட்டச் சமமாக வரும். 1865இல் கொடிகளைப் பற்றி விரிவாக எழுதிய டார்வின், இந்தத் திசைமாற்றத்தையும், புயலில் கொடி அறுந்துவிடாமல் சுருள் வில்போல் காப்பதையும் பதிவு செய்திருக்கிறார்.

சுருட்டுவது யார் என்பது 2012இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில் தெளிவானது. பற்றுக்கம்பிக்குள்ளே இரண்டே செல் அடுக்கு கனத்தில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அதிகமாகச் சுருங்கும். சுருங்கும் பக்கம் உள்ளே போக, பட்டை வளைகிறது. மற்றத் திசு எல்லாம் பட்டையோடு சும்மா கூடப் போவதுதான்.

அதே ஆய்வில் வந்த இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் பிடிக்கும். சுருளை இழுத்தால் சுற்றுகள் அவிழ்ந்து குறையும் என்றுதானே நினைப்போம்? முதிர்ந்த வெள்ளரிப் பற்றுக்கம்பியை இழுத்தால் முதலில் சுற்றுகள் கூடுகின்றன. நடுத்துண்டு சுழன்று இரண்டு பக்கமும் இன்னும் சில சுற்றுகளைப் போட்டுக்கொள்கிறது. மிகவும் பலமாக இழுத்தால்தான் நேராகும். மெல்லிய காற்றுக்கு இளகிக் கொடுக்கும், பலத்த காற்றுக்கு விறைத்துக்கொள்ளும் ஒரு வில் கொடிக்குக் கிடைத்துவிட்டது.

இதைவிட விசித்திரம் மந்தாரைக் காய். இதில் முறுக்கின சாமான் எதுவுமே கிடையாது.

[திரையில்: தட்டையான மந்தாரை நெற்று. வெடிக்கிறது. இரண்டு தோலும் எதிரெதிர்ப் பக்கமாகத் திருகிக்கொள்கின்றன.]

பச்சையாக இருக்கும்போது தட்டையான காய். காய்ந்து நெற்றானதும் வெடித்து, இரண்டு தோலும் திருகிக்கொண்டு விதைகளை வீசி எறியும். ஒவ்வொரு தோலிலும் இரண்டு நார் அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கின் நார்கள் காயின் நீளத்துக்கு 45 பாகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற அடுக்கு 45 பாகை மறுபக்கம். காயும்போது நாரின் நீளம் அதிகம் மாறாது, அதன் குறுக்கேதான் அடுக்கு சுருங்கும். ஆகவே ஓர் அடுக்கு ஒரு மூலைவிட்டத்தில் தோலை உள்ளே வளைக்கப் பார்க்கும், மற்றது அடுத்த மூலைவிட்டத்தில் வெளியே வளைக்கப் பார்க்கும். இரண்டையும் திருப்திப்படுத்த ஒரு நீளமான தோலால் முடிவது ஒன்றுதான்: திருகிக்கொள்வது.

2011இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு ரப்பர் தாளை ஒரு திசையில் இழுத்துப் பிடித்து, இன்னொன்றை அதற்குச் செங்குத்தாக இழுத்து, இரண்டையும் ஒட்டினார்கள். பிறகு அதிலிருந்து 45 பாகைச் சாய்வில் பட்டைகளை வெட்டினார்கள். குறுகலான பட்டை அச்சு நேராக இருக்கத் திருகிக்கொண்டது. அகலமான பட்டை உருளையில் சுற்றிய நாடாவைப்போலச் சுருண்டது. இழுத்த திசையிலேயே வெட்டினால் முறுக்கே வராது, வெறுமனே வளையும். ஒரே தாள். வெட்டிய கோணமும் அகலமும் மட்டுமே வேறு.

செடியிடமிருந்து பொறியாளர்கள் கற்றார்கள் என்று சொல்லத் தோன்றும். அடுத்த உதாரணத்தில் அந்தக் கதை இல்லை, ஆனால் கணக்கு அதேதான்.

[திரையில்: மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. கீழ்முனையில் எடை. மேல்முனை மோட்டாரில் சுழல்கிறது.]

எடை கட்டிய தூண்டில் நரம்பை, எடை சுழலாதபடி பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தானாகவே நெருக்கமான சுருளாகிவிடும். இதைச் சூடாக்கினால் சுருள் சுருங்கி எடையைத் தூக்கும். ஆறினால் இறக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் ரே பாக்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட செயற்கைத் தசை இதுதான். அதே நீளமும் எடையும் கொண்ட மனிதத் தசை தூக்குவதைப்போல 100 மடங்கு தூக்கும் என்று காட்டினார்கள்.

நைலான் இழை சூடானால் பக்கவாட்டில் தடிக்கும், நீளத்தில் துளி குறையும். முறுக்கிய இழை தடித்தால் முறுக்கு கொஞ்சம் அவிழப் பார்க்கும். சுருளில் இருக்கும் இழை அவிழப் பார்த்தால் சுற்றுகள் ஒன்றை ஒன்று நெருங்கும். தடிப்பு சுழற்சியானது, சுழற்சி இழுப்பானது. இதில் ஒரு நுணுக்கம்: இழையின் முறுக்கும் சுருளின் சுற்றும் ஒரே கைப்பக்கமாக இருந்தால்தான் சுருங்கும். இழையை வலப்பக்கம் முறுக்கிவிட்டு, ஒரு கம்பியில் இடப்பக்கமாகச் சுற்றிச் சுருளாக்கினால், சூட்டில் அது நீளும். பொருளும் வெப்பமும் அதேதான், கை மட்டும் மாறியது.

இதுவரை முறுக்கு திசையைத் திருப்பிவிட்டது. அதற்கு இன்னொரு குணம் உண்டு: எந்தப் பக்கத்துக்கும் நிரந்தர இடம் தராது.

நெட்வொர்க் கேபிளைப் பிரித்தால் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியபடி. பக்கத்திலிருந்து வரும் மின்காந்த இரைச்சல், அருகில் இருக்கும் கம்பியை அதிகமாகவும் தள்ளி இருப்பதைக் குறைவாகவும் பாதிக்கும். முறுக்கினால் அருகில் இருப்பது யார் என்பது மாறிக்கொண்டே போகும். மொத்தத்தில் இரண்டு கம்பிக்கும் ஒரே அளவு இரைச்சல். வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். கிரகாம் பெல் இதற்கு 1881இலேயே காப்புரிமை வாங்கினார். நான்கு ஜோடிகளையும் ஒரே இடைவெளியில் முறுக்கினால் அவை ஒன்றில் ஒன்று குறுக்கிடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் முறுக்கின் இடைவெளி வேறுவேறாக வைப்பார்கள்.

உயரமான கட்டடத்திலும் இதே தந்திரம்தான். காற்று ஒரு கட்டடத்தைக் கடக்கும்போது இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும். அடி முதல் உச்சிவரை ஒரே தாளத்தில் கழன்றால் கட்டடம் பக்கவாட்டில் ஆடும். உயரத்தோடு வடிவம் திரும்பிக்கொண்டே போனால் தாளம் கலைந்துவிடும். 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர் ஏறக்குறைய 120 பாகை திரும்பி நிற்கிறது. வடிவமைத்தவர்கள் கணக்கில் காற்றின் சுமை 24 சதவீதம் குறைந்தது. ஆலைப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் சுற்றியிருக்கும் சுருள் பட்டைகளும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

இப்போது பெரிதிலிருந்து அணு அளவுக்கு இறங்குவோம்.

[திரையில்: இரண்டு கொசுவலைத் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று. மேலே இருப்பது மெல்லத் திரும்புகிறது. பெரிய பெரிய கட்டங்கள் தோன்றுகின்றன.]

இரண்டு வலைத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சற்றே திருப்பினால், எந்தத் துணியிலும் இல்லாத ஒரு பெரிய கட்டம் தெரியும். திருப்பிய கோணம் சிறிதாக ஆக, கட்டம் பெரிதாகும். ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாளான கிராபீனிலும் இப்படித்தான். அதன் அணு அமைப்பு 0.246 நானோமீட்டருக்கு ஒரு தடவை திரும்ப வரும். இரண்டு தாள்களை 1.1 பாகை திருப்பி அடுக்கினால் உருவாகும் பெரிய கட்டத்தின் அளவு ஏறக்குறைய 13 நானோமீட்டர்.

இங்கே இழுப்பவர், நசுக்குபவர் யாரும் இல்லை. ஆனால் எலெக்ட்ரான்களுக்கு இது வேறு உலகம். கிராபீனில் படுவேகமாக ஓடுபவை, இந்தக் கோணத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. அப்படி ஆகும் என்று 2011இல் பிஸ்ட்ரிட்சர், மெக்டொனால்டு என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மெதுவாகப் போகிற எலெக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று கவனிக்க ஆரம்பிக்கும். 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யுவான் காவோ, பாப்லோ ஹாரியோ-எரெரோ குழுவினர் அதைச் செய்து பார்த்தார்கள். மின்னழுத்தத்தால் எலெக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றினால், அதே அடுக்கு ஓர் எண்ணிக்கையில் மின்சாரத்தை மறிக்கிறது. இன்னோர் எண்ணிக்கையில், 1.7 கெல்வினுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய மைனஸ் 271 பாகை செல்சியஸ் குளிரில், மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது. ஏன் மீக்கடத்தியாகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஒரு பாகையை இவ்வளவு துல்லியமாக எப்படிப் பிடிக்கிறார்கள்? தனித்தனியாக இரண்டு தாள்களை எடுத்தால் எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியாது. அதனால் ஒரே தாளைப் பாதியாகக் கிழிப்பார்கள். ஒரு பாதியை மேலே தூக்கி, அடியில் இருக்கும் மேடையை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, தூக்கியதை மறுபாதியின் மேல் இறக்குவார்கள். அப்படியும் தாள்கள் சில சமயம் தாமாகவே நழுவித் திரும்பிக்கொள்ளும்.

இரண்டோடு நிற்கவில்லை. மூன்று தாள்களை அடுக்கி நடுத்தாளை மட்டும் திருப்பினால், எலெக்ட்ரான்களை இப்படி நிறுத்த உகந்த கோணம் 1.1ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கியதாக, அதாவது ஏறக்குறைய 1.56 பாகையாக, இருக்கும் என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. 2021இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்தக் கோணத்தின் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தன. இரண்டு குழுக்களுக்கும் மீக்கடத்தி கிடைத்தது.