லாவானுக்கு முன்னால் நிற்கும் பெயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பினாங்கிலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். நாள்தோறும் காலையில் குற்றவியல் வழக்குகளை அழைக்கும்போது முதலில் உரக்கச் சொல்வது "பெண்டாக்வா ராயா லாவான்" என்ற மூன்று மலாய்ச் சொற்களைத்தான். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் அவற்றுக்குப் பிறகே வரும். பெண்டாக்வா ராயா என்றால் அரசு வழக்கறிஞர். லாவான் என்றால் எதிர். அடிபட்டவர் கடைக்காரரோ, பள்ளி மாணவியோ, சீருடை அணிந்த போலீஸ்காரரோ, யாராக இருந்தாலும் அவருடைய பெயர் லாவானுக்கு முன்னால் வருவதில்லை. போலீஸ்காரரைத் தாக்கியவர்கள்மீது நாங்களே வழக்குத் தொடுப்போம் என்று ஓர் அரசியல் கட்சி அந்த இடத்துக்கு வர விரும்பினால் அதை அனுமதிக்கலாமா என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று மான்செஸ்டர் விமான நிலையத்தில் போலீசாருக்கும் சிலருக்கும் மோதல் ஏற்பட்டது. தரையில் கிடந்த ஒருவரின் தலையில் போலீஸ்காரர் ஒருவர் உதைக்கும் காணொளி முதலில் பரவியது, மக்கள் கொதித்தெழுந்தனர். சில நாள் கழித்து, அதற்கு முந்தைய நொடிகளைக் காட்டும் இன்னொரு காணொளி வந்தது; அதில் போலீசார் குத்தப்படுவது தெரிந்தது. பெண் அதிகாரி ஒருவருக்கு மூக்கெலும்பு முறிந்திருந்தது. மாதங்கள் கடந்தும் எவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அந்த ஆண்டு ஜூலைப் பொதுத் தேர்தலில் ஐந்து இடங்களை வென்றிருந்த ரிஃபார்ம் யுகே கட்சி, அரசின் வழக்குத்தொடர் துறை செயல்படாவிட்டால் தாங்களே தனியார் வழக்குத் தொடுப்போம் என்று அறிவித்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 1985ஆம் ஆண்டின் குற்ற வழக்குத்தொடர் சட்டம் எவரும் வழக்குத் தொடுக்கும் பழைய உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதே சட்டம், அப்படித் தொடுக்கப்பட்ட வழக்கைத் தலைமை வழக்குத்தொடர் இயக்குநர் தம் கையில் எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் தருகிறது.

கட்சி நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நிலை வரவில்லை. 2024 டிசம்பர் 20 அன்று சகோதரர்கள் இருவர்மீது குற்றச்சாட்டுகள் அறிவிக்கப்பட்டன. உதைத்த அதிகாரிமீது வழக்கு இல்லை என்ற முடிவும் அன்றே வந்தது. 2025 ஜூலையில் லிவர்பூல் நீதிமன்றத்தில் ஜூரி அவர்களில் ஒருவரைச் சில குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று கண்டது. வேறு சிலவற்றில் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை.

ஆகவே நல்லபடியாகத்தானே முடிந்தது, கட்சியின் மிரட்டலால் யாருக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். கேடு இதுதான்: டிசம்பரில் எடுக்கப்பட்ட அந்த முடிவு கோப்பில் இருந்த சாட்சியத்தால் வந்ததா, கட்சி கொடுத்த நெருக்குதலால் வந்ததா என்று இனி எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதிகாரிகள் தங்கள் கடமையை மட்டுமே செய்திருக்கலாம். அப்படியே நான் நம்புகிறேன். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் உறவினரும் ஊராரும் அதை நம்புவதற்கான வழியை அந்த அறிவிப்பு குறுக்கிவிட்டது. சரியான முடிவுக்கும் சந்தேகத்தின் கறை படிந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விமான நிலையக் காணொளியில் இரண்டு செயல்கள் இருந்தன: போலீசார்மீது விழுந்த குத்து, போலீஸ்காரர் கொடுத்த உதை. அரசு வழக்கறிஞர் இரண்டையும் எடைபோடக் கடமைப்பட்டவர். கட்சி தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்காக மட்டும் வழக்கறிஞர் வைக்கும். மேலும், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்று தன் கையில் கிடைத்தாலும் அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டியது வழக்குத் தொடுப்பவரின் கடமை. தானே பாதிக்கப்பட்டவர் என்று கருதும் ஒருவர் வழக்கும் தொடுத்தால் இந்தக் கடமை என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் வரலாறே சாட்சி. 1999க்கும் 2015க்கும் இடையே, பழுதான கணினிக் கணக்கை நம்பி, அந்நிறுவனம் தானே வழக்குத் தொடுத்து 700க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்களுக்குத் தண்டனை வாங்கித் தந்தது. ஒரு நிறுவனத்துக்கே தன் தவறு கண்ணில் படவில்லை என்றால், வாக்கு கேட்டு நிற்கும் கட்சிக்கு எப்படிப் படும்?

கட்சியே வழக்காடிய நாடும் உண்டு. ஸ்பெயினின் அரசியலமைப்பு, பொதுமக்கள் குற்ற வழக்கில் தரப்பாக இணையும் உரிமையைத் தருகிறது. தனிநாடு கோரிய கேட்டலோனியத் தலைவர்கள்மீதான வழக்கு 2019 பிப்ரவரி முதல் ஜூன்வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது வோக்ஸ் கட்சி வழக்குத்தொடர் தரப்பில் அமர்ந்திருந்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஏப்ரல் 28 அன்று, பொதுத் தேர்தலும் வந்தது. நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரித்த கட்சியின் தலைமைச் செயலாளரே அந்தத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்று வென்றார். ஒரே மனிதர் பகலில் வழக்குத் தொடுப்பவராகவும் மாலையில் வாக்கு கேட்பவராகவும் இருந்தார் என்பதை ஒரு நீதிமன்ற ஊழியனாக என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு சிறிய நீதிமன்றத்தில், சாலைத் தடுப்பில் பணியில் இருந்தபோது தாக்கப்பட்ட இளம் காவலர் ஒருவர் சாட்சி சொல்ல வந்திருந்தார். கையில் கட்டு. தமிழ்ப் பையன். ஒரு கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் நடைக்கூடத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள், தோளில் தட்டினார்கள், தங்கள் கட்சி அவரைக் கைவிடாது என்றார்கள். அவர்கள் போன பிறகு அவர் என்னிடம், "அண்ணே, இவங்கள கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்களேன், நான் சாட்சி மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றார். உள்ளே குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெளியே நின்றவர்கள் யார், எத்தனை முறை சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்றே கேட்டார். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர்த்துச் சொன்னவன் நான். நேர்மையாகப் பணியாற்றியதற்காக அடிபட்ட ஒருவர், பொய் சொல்ல வந்தவரைப்போலக் கூண்டில் வியர்த்து நின்றார்.

நம் மலேசியாவில் சட்டத்தின் நிலை வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் அரசின் சட்ட ஆலோசகரான சட்டத்துறைத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. தனி மனிதர் வழக்குத் தொடுக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விட்டிருக்கும் இடம் மிகக் குறுகியது. தம் உடலுக்கோ உடைமைக்கோ எதிராக நடந்த, வாரண்ட் இல்லாமல் கைதுசெய்ய முடியாத சிறு குற்றங்களோடு அது நின்றுவிடுகிறது. பொது ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்குவது தண்டனைச் சட்டத்தின் 353ஆவது பிரிவில் இரண்டாண்டுவரை சிறைக்குரிய குற்றம். காயப்படுத்தினால் 332ஆவது பிரிவு, மூன்றாண்டுவரை. இவற்றில் கட்சிக்கு இடமில்லை.

அந்த இடம் இல்லாமல் இருந்ததற்காக நான் நன்றியோடு நினைக்கும் ஒரு காலம் உண்டு. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் ஆலயக் கலவரத்தின்போது எரியும் வாகனங்களை அணைக்கச் சென்ற மலாய்த் தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமடைந்து டிசம்பர் 17 அன்று உயிரிழந்தார். அவர் போலீஸ்காரர் அல்லர். ஆனால் நம் பாதுகாப்புக்காகச் சீருடை அணிந்து வந்தவர். அவர் தாக்கப்பட்டாரா, வாகனத்தால் காயமடைந்தாரா என்பதில் தடயவியல் நிபுணர்களே முரண்பட்டார்கள். ஷா ஆலாமில் நடந்த மரண விசாரணை, அடையாளம் தெரியாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் குற்றச் செயலால் மரணம் நேர்ந்தது என்று 2019 செப்டம்பர் 27 அன்று முடிவு சொன்னது. அந்தப் பத்து மாதங்களில் ஊரெங்கும் இனப்பெயர்கள் எவ்வளவு கசப்போடு உச்சரிக்கப்பட்டன என்பது நேயர்களுக்குத் தெரியும். வழக்குத் தொடுக்கும் உரிமை கட்சிகளுக்கும் இருந்திருந்தால், அடையாளம் தெரியாதவர்கள் என்று மரண விசாரணை சொன்ன இடத்தில் முன்பே ஒவ்வொரு கட்சியும் தன் ஆதரவாளர் விரும்பும் பெயர்களை எழுதியிருக்கும். அவற்றில் நம் பிள்ளைகளின் பெயர்களும் இருந்திருக்கும்.

இப்படிச் சொல்வதால் அரசு வழக்கறிஞரின் மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. மக்கள் கட்சியை நாடுவதே அந்த மௌனத்தால்தான். வழக்கு ஏன் தொடரவில்லை, தொடர்ந்தது ஏன் நின்றது என்று அடிபட்ட காவலருக்குக்கூட யாரும் சொல்வதில்லை. 2023 செப்டம்பரில் துணைப் பிரதமர்மீதான 47 குற்றச்சாட்டுகளில் முழு விடுதலை ஆகாத, வழக்கு மீண்டும் எழ இடமுள்ள விடுவிப்பு வழங்கப்பட்டபோது எழுந்த கேள்விகளை நாம் மறக்கவில்லை. அரசுக்கு ஆலோசனை சொல்பவரும் வழக்குத் தொடுப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற கோரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுந்தது. கட்சிகள் தங்கள் வலிமையைச் செலவிட வேண்டிய இடம் அதுவே. வழக்கைக் கைவிடும்போது, காயமடைந்த அதிகாரிக்குக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்கலாம். சாலைத் தடுப்பில் இரவில் நிற்கும் காவலருக்கு உடலில் அணியும் கேமராவும் காயமுற்றால் மருத்துவ விடுப்பும் சட்ட உதவியும் கேட்கலாம். இவற்றைக் கேட்க லாவானுக்கு முன்னால் போய் நிற்கவேண்டியதில்லை.

நான் சொன்ன அந்த இளம் காவலரின் வழக்கில் மேஜிஸ்திரேட் தீர்ப்பைத் தள்ளிவைத்தார். தீர்ப்பு நாளன்று கட்சிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. குற்றம் நிரூபணமாகிச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காவலர் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் என்னிடம் வந்து, மேஜிஸ்திரேட் தம் சாட்சியத்தை நம்பியதாகச் சொன்ன அந்த வரியை மட்டும் இன்னொரு முறை தமிழில் சொல்லும்படி கேட்டார். நான் சொன்னேன்.

வணக்கம்.