ஒரே மூலக்கூறு, இரண்டு மடிப்பு: ஸ்னோட்ராப் கிழங்கிலிருந்து வந்த மருந்து

[காட்சி: பனி படர்ந்த தரையில் தலைகவிழ்ந்த வெண்பூ]

காக்கேசிய மலைகளில் பனி முழுவதும் உருகும் முன்பே தலைகாட்டிவிடும் பூ, ஸ்னோட்ராப். கிளறினால் சின்ன வெங்காயம் அளவு கிழங்கு வரும். 1952இல் சோவியத் வேதியியலாளர்கள் அதிலிருந்து கேலந்தமைன் என்ற ஆல்கலாய்டை (செடிகளில் உண்டாகும், நைட்ரஜன் உள்ள சேர்மத்தை) பிரித்தெடுத்தார்கள். பல்கேரியாவில் டிமிதர் பாஸ்கோவ் அதை மருந்தாக்கினார். போலியோவால் தளர்ந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். 2001இல் அமெரிக்காவில் நினைவை மங்கச் செய்யும் அல்சைமர் நோய்க்கு அனுமதி கிடைத்தது.

[காட்சி: வெட்டிய டாஃபடில் கிழங்கு]

இதே குடும்பத்து டாஃபடில் கிழங்கிலும் கேலந்தமைன் உண்டு. ஆனால் வெங்காயம் என்று நினைத்துச் சமைத்தவர்களுக்குக் கடும் வாந்திதான் மிஞ்சியது. காரணம், கூடவே இருக்கும் லைகோரின். நம் தோட்டங்களில் வெள்ளையாகப் பூக்கும் விஷமூங்கிலிலும் அது இருக்கிறது.

[அசைபடம்: இரண்டு வளையங்கள், நடுவே சங்கிலி]

மருந்துக்கும் நஞ்சுக்கும் தாய் ஒன்றே: மெத்தில்நார்பெலாடின். கார்பன் அணுக்களாலான இரண்டு வளையங்கள், அவற்றை இணைக்க, நைட்ரஜன் உள்ள வளையும் சங்கிலி. செடியின் நொதி அதை மடித்து வளையங்களை நேரடியாக ஒட்டுகிறது. ஒன்றின் பாரா இடம் (OH தொகுதிக்கு நேர் எதிர் முனை) மற்றதன் ஆர்த்தோ இடத்தோடு (OH தொகுதிக்கு அடுத்த முனை) சேர்ந்தால் கேலந்தமைனுக்கு வழி. அதுவே இடம் மாறிச் சேர்ந்தால் லைகோரின். எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1962இல் வேதியியலாளர்கள் பார்ட்டனும் கிர்பியும் இந்த மடிப்பைக் குடுவையில் செய்தார்கள். வேண்டிய பொருள் கிடைத்தது 1.4 சதவீதம்தான். வழிகாட்ட நொதி இல்லையே! பின்னால் வந்தவர்கள், ஒட்டக் கூடாத இடத்தில் ஒரு புரோமின் அணுவை உட்காரவைத்து வழியை அடைத்தார்கள்.

[காட்சி: குடுவையில் படிகங்கள் விழுகின்றன]

அப்போதும் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் கலந்தே வரும், வேண்டியது ஒன்றுதான். கேலந்தமைனுக்கு முந்தைய படியான நார்வெடினைக் காரக் கரைசலில் கரைத்து, வேண்டிய வடிவத்தின் படிகம் சிறிது போடுகிறார்கள், பாலில் உறைமோர் விடுவது போல. அந்த வடிவம் மட்டும் படிகமாக இறங்குகிறது. கரைசலில் தங்கும் மற்றது தானே உருமாறி அதுவும் இறங்குகிறது. பாதி வீணாக வேண்டியது, ஏறக்குறைய முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது.

[அசைபடம்: நொதியின் ஆழமான பள்ளம்]

நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும், நினைவுக்குத் தேவையான வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியில் ஒரு குறுகிய பள்ளம் உண்டு. அதன் அடியில் கேலந்தமைன் போய் அமர்கிறது. நிலையாக ஒட்டுவதில்லை, பிறகு விலகிவிடும். அதுவரை அசிட்டைல்கோலின் பிழைத்திருக்கும்.

வழக்கமாகத் தினமும் இரண்டு வேளை, 4 மில்லிகிராம் வீதம், உணவோடு தொடங்குவார்கள். நரம்பணுக்கள் அழிவதை இது தடுப்பதில்லை. இருக்கும் அணுக்கள் பேசிக்கொள்ள, இன்னும் சில காலம் உதவுகிறது.