சந்தேகங்களுக்கு விளக்கம்: கோயில் நிதியிலிருந்து எவ்வளவு கொடுத்தால் போதும்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. டீ போடும்போதும் அதுதான், வண்டி ஓட்டும்போதும் அதுதான். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த வெருலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். ஆயா, அதாவது பாட்டி, பேசிப் பேசிக் காதில் விழுந்து வந்த டர்பன் தமிழ். நடுவில் வார்த்தை கிடைக்காமல் இரண்டு இடத்தில் சிரித்துவிடுகிறார். அந்தத் தமிழைக் கேட்பதற்காகவே மூன்று முறை போட்டுக் கேட்டேன்.

கேள்வி இதுதான். அவர்கள் கோயில் கமிட்டியிடம் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சுற்றுவட்டாரக் கரும்புத் தோட்டங்களில் வெட்டு வேலைக்கு வரும் குடும்பங்களில், வீட்டிலேயே முதல் ஆளாக யுனிவர்சிட்டிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கேட்கிறார்.

நல்ல மனசு, நல்ல கேள்வி. ஆனால் சகோதரி, 'எவ்வளவு' என்று கேட்டீர்களே, 'எப்போது' என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 'எவ்வளவு' என்பதைச் சட்டென்று முடித்துவிடலாம். பெரிய தொகை உங்கள் தலையில் விழாது. அரசாங்கத்தின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்ஸ்ஃபாஸ் இருக்கிறது. அதில் முழு உதவித்தொகையை 2017 டிசம்பரில் அறிவித்து, 2018-இல் முதலாண்டு சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கினார்கள். வீட்டின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அது கடன் கிடையாது, உதவித்தொகை. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கிறது. கரும்பு வெட்டுகிற எந்தக் குடும்பமும் அந்த வரம்பைத் தொடப் போவதில்லை. ஆகவே கட்டணத்தைக் கோயில் கட்ட வேண்டியதில்லை. அப்புறம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? அங்கேதான் இந்த 'எப்போது' வருகிறது.

பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு நான் எதற்கு வருகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். கரும்புக்கு ஒரு காலண்டர், கல்லூரிக்கு ஒரு காலண்டர். அதே பாட்டா என்று சிலர் எழுதுவீர்கள். அதே பாட்டுதான், மறுபடியும் பாடுகிறேன்.

நம் கடற்கரைப் பக்கம் ஆலைகள் ஏப்ரல் வாக்கில் ஓடத் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். வெட்டுக்காரர்களில் நிறையப் பேர் பக்கத்து மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பில் லுசிகிசிகி, பிசானா பக்கத்திலிருந்து வருகிற கறுப்பின மக்கள். ஏப்ரலில் வீட்டை விட்டால் கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்புவார்கள். இப்போது கல்லூரிக் காலண்டரைப் பாருங்கள். நம் மாகாணமான குவாசுலு நடாலில், பல்கலைக்கழகங்களுக்காக ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்குகிற சி.ஏ.ஓ. அலுவலகம் வழியாக விண்ணப்பம் போட வேண்டும். நேரத்தோடு போடுவதென்றால் செப்டம்பர் கடைசிக்குள். உதவித்தொகைப் படிவத்துக்கும் ஏறக்குறைய அதே பருவம்தான். அதற்குப் பெற்றோர் அடையாள அட்டையின் நகல் வேண்டும், வருமானத்தைச் சரிபார்க்க அவர்கள் சம்மதம் வேண்டும். அப்பாவோ அந்த மாதத்தில் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு தொழிலாளர் ஹாஸ்டலில் படுத்திருப்பார்.

டிசம்பரில் கையில் பணத்தோடு ஊருக்குப் போவார். கடன் அடைப்பது, கூரை போடுவது, சாவு வீட்டுச் செலவு எல்லாம் அந்த ஒரு மாதத்தில் முடியும். ஜனவரியில் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, ரிசல்ட் வரும். அப்போது கை காலி. இந்த நாட்டில் ஜனவரியை 'ஜனுவொரி' என்று கேலியாகச் சொல்வார்கள், கவலை மாதம் என்று. பிள்ளை டர்பனுக்குப் பஸ் ஏற வேண்டிய மாதமும் அதுதான்.

சரி, ஒரு பையன் கதை சொல்கிறேன். சனிக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வந்தவன். அவன் அப்பா குவாடுகூசா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வெட்டுக்காரர். படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும், கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. நானும் பையனும் காரில் போனோம். மதியம் இரண்டு மணி. முதல் நாள் இரவு கொளுத்திய கரும்பு, வயல் முழுக்கக் கரி. வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் அவர் நடுவில் வேலையை நிறுத்த முடியாது. மூன்றரை வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவர் வந்து, தண்ணீர் ஊற்றி இரண்டு முறை கை கழுவினார். கரி உள்ளங்கை ரேகைக்குள் போயிருந்தது, கழுவினால் போகிற கரி இல்லை. பேனாவைக் கொடுத்தால் விரல் மடங்கவில்லை. காலையிலிருந்து கத்தியைப் பிடித்த கை, பேனாவின் மெல்லிசு அதற்குப் பிடிபடவில்லை. மெதுவாக, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். தாளின் ஓரத்தில் கட்டைவிரல் கரி அப்படியே பதிந்துவிட்டது. பையன் பதறிவிட்டான், படிவத்தைத் தள்ளிவிடுவார்களோ என்று.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே நகலுக்கு அத்தாட்சி முத்திரை போலீஸ் ஸ்டேஷனிலேயே போடுவார்கள், காசு வாங்க மாட்டார்கள். முத்திரை விழுந்தது, படிவமும் போய்ச் சேர்ந்தது. மொத்தச் செலவு எவ்வளவு தெரியுமா? என் பெட்ரோலும் மூன்று பேருக்கு ஒரு பன்னி சௌவும், ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவார்களே அதுதான். அந்த ஒரு பிற்பகல் தவறியிருந்தால் உங்கள் கோயில் ஐம்பதாயிரம் ராண்ட் கொடுத்தாலும் அந்த வருஷம் அவனுக்கு இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கதையும் இருக்கிறது. அது எங்கள் தப்பு, ஒளிக்க வேண்டாம். சில வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு உதவுவதாகச் சொன்னோம். ஜனவரியில் கூட்டம் போடலாம் என்றால் தைப்பூசக் காவடி, எல்லாரும் அலைந்துகொண்டிருக்கிறோம். காவடி முடியட்டும் என்றோம். அப்புறம் பங்குனி உத்திரம் முடியட்டும். அப்புறம் கணக்குத் தணிக்கை. கடைசியில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், அதாவது இங்கே 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்களே அன்றைக்கு, மேடையில் செக் கொடுத்து மாலை போட்டுப் படம் எடுக்கலாம் என்று முடிவு. செக்கில் தொகை நல்ல தொகைதான். பெண்ணின் போனுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அவள் மார்ச் கடைசியிலேயே நின்றுவிட்டாள். தங்க இடம் கிடைக்காமல் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொண்டு, போக இரண்டு டாக்சி, வர இரண்டு டாக்சி. இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து ஏறுகிற மினிபஸ். அந்த டாக்சிக் காசுதான் தீர்ந்துபோயிருக்கிறது. எங்களிடம் கேட்கவும் கூச்சம். அந்த மாலையை அம்மனுக்கே போட்டோம்.

இதை வேறு ஒரு நாட்டில் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பயிர் எங்கே விளைகிறதோ அங்கே போய் அறுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்கிற தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. டெக்சாஸின் தெற்குக் கோடியிலிருந்து வசந்தத்தில் வடக்கே கிளம்புவார்கள், இலையுதிர் காலத்தில் திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு, மூன்று பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகவே 1972-இல் கேம்ப் என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் தொடங்கினார்கள். ஆஸ்டினில் உள்ள செயின்ட் எட்வர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த முதல் வருஷத்திலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் விடாமல் நடத்தினார்கள். சேரத் தகுதி என்ன தெரியுமா? கடந்த 24 மாதத்தில் பிள்ளையோ பெற்றோரோ 75 நாளாவது இடம்பெயர்ந்தோ பருவத்துக்கோ வயல் வேலை செய்திருக்க வேண்டும். வயலில் நின்ற நாளை எண்ணுகிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. இன்னொன்று, உதவியின் பெரும்பங்கைக் கல்லூரியின் முதல் வருஷத்திலேயே கொட்டுகிறார்கள். பாடத்தில் துணை, ஆலோசனை, கைச்செலவு, தங்கும் ஏற்பாடு எல்லாம் முதல் வருஷத்தில். அதற்கு மேல் தொடர்ந்து கவனிப்பது கொஞ்சம்தான். ஏனென்றால் நாற்று வேர் பிடிக்கிற நாளில்தான் தண்ணீர் வேண்டும்.

நம் கமிட்டிகளில் ஒருவராவது எழுந்து கேட்பார், 'நம் பிள்ளைகளே இருக்கும்போது ஏன் அவர்கள் பிள்ளைக்கு?' என்று. சகோதரி, உங்களிடமும் கேட்பார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் வந்து இறங்கியபோது அந்தக் கரும்புக் கத்தி நம் கையில் இருந்தது. இப்போது வேறு கையில் இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மேல் அந்த வாதத்தில் எனக்குப் பொறுமை இல்லை.

1890-இல் கொல்லத்துப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் பிற்காலத்தில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பணம் கொடுத்தது பற்றித் தனியாகவே ஒரு காணொளி போட்டிருக்கிறேன், பாருங்கள். ஆனால் எனக்கு அதைவிட என் சம்பந்தி சொன்ன கதை நெருக்கம். அவர் வீட்டில் முதல் பட்டதாரி. 1960-களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் நடந்தது. வெருலத்திலிருந்து ரயில், அப்புறம் படகு. கட்டணத்தைக் குடும்பமே நகையை வைத்துக் கட்டிவிட்டது. ரயில் சீசன் டிக்கெட்டுக்குத்தான் வழியில்லை. ஊரில் மளிகைக் கடைக்காரர் ஒருவர், மாதம் பிறந்த முதல் நாள் காலையில் டிக்கெட்டை வாங்கிக் கடை மேஜையில் வைத்துவிடுவாராம். மூன்று வருஷத்தில் ஒரு மாதம்கூட இரண்டாம் தேதி ஆனதில்லை என்பார் சம்பந்தி. சின்னத் தொகைதான். நகையின் மதிப்பு அவருக்கு இன்று நினைவில்லை, அந்த ஒண்ணாம் தேதி நினைவிருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்ன தொகை இருந்தாலும் அதை உடையுங்கள். ஒரு பங்கு ஆகஸ்ட், செப்டம்பருக்கு: படிவம், முத்திரை, அப்பா இருக்கும் தோட்டத்துக்குப் போய்வர ஒரு வண்டி. பெரிய பங்கு ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை, மாதாமாதம்: டாக்சி, போன் டேட்டா, அரிசியோ மீலிமீல் என்கிற சோள மாவோ, உதவித்தொகை கைக்கு வந்து சேரும்வரை. இன்னொரு பங்கு ஜூன் தேர்வுக்கு முன்னால், வெட்டுக்குக் கூட வா என்று வீட்டிலிருந்து கூப்பிடுகிற நேரம் அது. பொருளாளர் கூட்டம் போடாமலேயே கொடுக்கலாம் என்று இப்போதே தீர்மானம் எழுதிவையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை போன் செய்ய ஓர் அக்காவை நியமியுங்கள். காசு தீர்ந்ததைப் பிள்ளைகள் கமிட்டியிடம் சொல்ல மாட்டார்கள், அக்காவிடம் சொல்வார்கள். படம் எடுப்பதென்றால் நவம்பர் தேர்வு முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வரும் வருஷம் உங்கள் கோயிலில் காவடி எந்தத் தேதி என்று மட்டும் கீழே எழுதுங்கள், சகோதரி. அதற்கு முந்தின வாரமே கூட்டத்தை வைத்துவிடுங்கள், நானும் வருகிறேன்.